உயர்தரப் பௌதிகவியலுக்கு வகுப்புப் பரீட்சை வைப்பது எப்படி? மட்டக்களப்பின் புதிய ஆசிரியர்களுக்கு

பட்டம் முடித்த கையோடு 13ஆம் தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்க வந்திருப்பவர்களுக்கும், ஊரில் மாலை வகுப்பு தொடங்கியிருக்கும் இளையவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பாடத்தை எப்படி நடத்துவது என்று சொல்லித்தர மூத்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பரீட்சை எப்படி வைப்பது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. கடந்தகால வினாத்தாள் ஒன்றைப் போட்டோக்கொப்பி அடித்துக் கொடுப்பது, திருத்துவது, நூற்றுக்கு இத்தனை என்று மேலே வட்டமிட்டுத் திருப்பிக் கொடுப்பது. பெரும்பாலும் இவ்வளவுதான் நடக்கிறது. 38 எடுத்த பிள்ளைக்குத் தான் 38 எடுத்தது தெரியும். எந்த இடத்தில் சறுக்கியது என்று பிள்ளைக்கும் தெரியாது, படிப்பிக்கிறவருக்கும் தெரியாது.

பௌதிகவியலில் ஒரு விடை பிழைப்பதற்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. விடயம் விளங்காமல் பிழைப்பது ஒன்று. விடயம் விளங்கியும் கணிப்பில் பிழைப்பது மற்றது. இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாமவருக்குப் பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். இரண்டாமவருக்குப் பாடத்தைத் திரும்ப எடுத்தால் நேரம்தான் வீண். நீங்கள் வைக்கும் பரீட்சை இந்த இருவரையும் பிரித்துக் காட்டினால் அது நல்ல பரீட்சை. கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

முதலில், எந்தப் பரீட்சைக்குத் தயார்ப்படுத்துகிறோம்

க.பொ.த. உயர்தரப் பௌதிகவியலில் முதலாம் பத்திரம் 50 பல்தேர்வு வினாக்கள், 2 மணித்தியாலம். ஒவ்வொன்றுக்கும் 5 தெரிவுகள். பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை. இரண்டாம் பத்திரம் 3 மணித்தியாலம். அதன் முதற்பகுதியில் 4 அமைப்புக் கட்டுரை வினாக்கள், நான்கும் கட்டாயம். இரண்டாம் பகுதியில் 6 கட்டுரை வினாக்கள், அவற்றில் 4 செய்ய வேண்டும். கணிப்பான் கொண்டுபோக முடியாது. ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுக்கும்படி வினாத்தாளிலேயே போட்டிருப்பார்கள்.

இதிலிருந்து நேரக் கணக்கு வருகிறது. பல்தேர்வில் ஒரு வினாவுக்குக் கிடைப்பது 2 நிமிடம் 24 செக்கன். ஆகவே வகுப்பில் 10 பல்தேர்வு வைத்தால் 24 நிமிடம் கொடுங்கள். ஒரு மணித்தியாலம் கொடுத்துப் பழக்கினால் கடைசியில் பிள்ளைதான் தவிக்கும். இரண்டாம் பத்திரத்தில் அமைப்புக் கட்டுரை ஒன்றுக்கு 20 நிமிடம், கட்டுரை ஒன்றுக்கு 25 நிமிடம் என்று பிரித்தால் 180 நிமிடம் சரியாக வரும்.

தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டத்தில் 11 அலகுகள் இருக்கின்றன. அளவீட்டில் தொடங்கி, பொறியியல் (விசையும் இயக்கமும்), அலைவுகளும் அலைகளும், வெப்பம், மூன்று வகைப் புலங்கள், ஓட்ட மின்னியல், இலத்திரனியல், சடப்பொருளின் பண்புகள் என்று போய், கதிர்ப்பில் முடிகிறது. பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் வாசிக்காமல் வினா எழுத உட்கார வேண்டாம். பரீட்சைத் திணைக்களம் வெளியிட்ட பழைய புள்ளித்திட்டங்களையும் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த வரிக்குப் புள்ளி விழுகிறது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லித்தர ஆளில்லை.

உங்கள் வகுப்பில் கணிதப் பிரிவுப் பிள்ளைகளும் உயிரியல் பிரிவுப் பிள்ளைகளும் ஒன்றாக இருப்பார்கள். இதை மறந்துவிடக் கூடாது. இணைந்த கணிதம் செய்கிறவருக்கு விசையைப் பிரிப்பதும் சமன்பாட்டைச் சுருக்குவதும் தினசரி வேலை. உயிரியல் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒரே வினாவில் இருவரும் பிழைவிட்டால் காரணம் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு வெற்றுத் தாளும் மூன்று நிரல்களும்

வினா எழுதுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து மூன்று நிரல்களாகப் பிரியுங்கள். முதலாவதில் சோதிக்கப்போகும் எண்ணக்கரு. இரண்டாவதில் அதில் பிள்ளைகள் வழக்கமாக விடும் பிழை. மூன்றாவதில் அதற்குத் தேவையான கணிப்பு வேலை. இரண்டாவது நிரலை நிரப்ப முடியாவிட்டால் அந்த இடத்தில் வினா எழுத உங்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம். பிள்ளைகளின் கொப்பிகளைப் புரட்டுங்கள், இடைவேளையில் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த நிரல் தானாக நிரம்பும்.

ஒரு சின்னப் பரீட்சைக்கு நான்கு எண்ணக்கரு போதும். பதினொரு அலகையும் ஒரே தாளில் தொட்டால் எதைப் பற்றியும் உருப்படியாக ஒன்றும் தெரியவராது.

பிழையான தெரிவுகளில்தான் வேலை இருக்கிறது

பல்தேர்வு எழுதுவது சுலபம் என்று நினைக்கிறார்கள். சரியான விடையைக் கணக்கிட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் வாய்க்கு வந்த நான்கு எண்களைப் போடுகிறார்கள். அப்படிப் போட்ட தெரிவை எடுத்த பிள்ளையைப் பற்றி உங்களுக்கு ஒன்றுமே தெரியவராது. ஒவ்வொரு பிழையான தெரிவும் ஒரு குறிப்பிட்ட பிழையால் மட்டும் கிடைக்கிற எண்ணாக இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒன்று. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் உயர்த்தியில் அதிகம் போனதில்லை, கிணற்றில் தண்ணீர் அள்ளியிருக்கிறார்கள். அதனால் உயர்த்திக்குப் பதிலாக வாளி:

நீருடன் 12 கிலோகிராம் திணிவுள்ள வாளி ஒன்று கயிற்றினால் கிணற்றிலிருந்து மேலே இழுக்கப்படுகிறது. ஒரு கட்டத்தில் அது மேலே போய்க்கொண்டிருக்கும்போதே செக்கனுக்குச் செக்கன் 2 மீற்றர் வீதம் அமர்முடுகுகிறது. அப்போது கயிற்றின் இழைவிசை எவ்வளவு? தெரிவுகள்: 0, 24, 96, 120, 144 நியூட்டன்.

சரியான விடை 96. வாளியின் ஆர்முடுகல் கீழ்நோக்கியது. ஆகவே நிறையான 120இலிருந்து 12 × 2 = 24ஐக் கழிக்க வேண்டும். 144 எடுத்த பிள்ளை இயக்கத்தின் திசையையும் ஆர்முடுகலின் திசையையும் ஒன்றாக நினைக்கிறது. 120 எடுத்தவர் ஆர்முடுகலைக் கவனிக்கவே இல்லை, அல்லது நகர்கிற எல்லாம் சமநிலையில் இருப்பதாக நினைக்கிறார். 24 எடுத்தவர் திணிவையும் ஆர்முடுகலையும் பெருக்கி வருவது விளையுள் விசை என்பதை மறந்து, அதையே இழைவிசை என்று எழுதியிருக்கிறார். 0 எடுத்தவர் தடுமாறியிருக்கிறார், அவரோடு தனியாகப் பேச வேண்டும். தாளைத் திருத்தி முடிக்கும்போது வகுப்பில் எத்தனை பேருக்கு எந்தக் குழப்பம் என்று உங்கள் கையில் கணக்கு இருக்கும்.

144 எடுத்தவரிடம் கேட்டுப் பாருங்கள். "ஏன் மனே 144 போட்டாய்?" "மேலதானே சேர் போகுது, அப்ப கூடத்தானே வேணும்?" இந்த ஒரு வரிப் பதில் கிடைத்தால் அடுத்த பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இன்னொரு கவனம். சரியான விடையை எப்போதும் மூன்றாவது தெரிவில் வைக்கும் பழக்கம் நம்மையறியாமல் வந்துவிடுகிறது. எண்களை ஏறுவரிசையில் அடுக்கிவிட்டு, விடைகளின் இடம் தாள் முழுவதும் பரவியிருக்கிறதா என்று பாருங்கள். "மேற்கூறிய யாவும்" என்ற தெரிவை நான் போடுவதில்லை. இரண்டு கூற்று சரியென்று தெரிந்த பிள்ளை மூன்றாவதை வாசிக்காமலே அதை எடுத்துவிடும்.

எண்ணக்கருவும் கணிப்பும் சோடியாக வரட்டும்

ஒரே விடயத்தை இரண்டு வினாவாகக் கேளுங்கள். முதலாவதில் எண்ணே வேண்டாம். இரண்டாவதில் அதே நிலைமைக்கு எண்களைக் கொடுங்கள். தாளில் இரண்டையும் அடுத்தடுத்து வைக்காமல் தள்ளி வைப்பது நல்லது.

ஓட்ட மின்னியலில் இது மிக நன்றாக வேலை செய்யும். எண் இல்லாத வினா: அகத்தடையுள்ள மின்கலம் ஒன்றுக்குச் சமாந்தரமாக இணைத்த சர்வசமமான இரண்டு மின்குமிழ்களில் ஒன்று எரிந்துபோகிறது. மற்றதன் பிரகாசம் கூடுமா, குறையுமா, மாறாதா? காரணம் கூறுக. எண் உள்ள வினா: மின்னியக்க விசை 12 வோல்ட், அகத்தடை 2 ஓம், மின்குமிழ் ஒவ்வொன்றின் தடையும் மாறாமல் 8 ஓம். ஒன்று எரிந்துபோனபின் மற்றதன் ஊடான மின்னோட்டம் என்ன?

தொடக்கத்தில் சமாந்தரத் தடை 4 ஓம், அகத்தடையோடு சேர்த்து 6 ஓம். மொத்த ஓட்டம் 2 அம்பியர், குமிழ் ஒன்றுக்கு 1 அம்பியர். ஒன்று போனபின் மொத்தத் தடை 10 ஓம், ஓட்டம் 1.2 அம்பியர். குமிழ் முன்பைவிடப் பிரகாசமாக எரியும். இதில் 2 அம்பியர் என்று எழுதுகிறவர், மின்கலம் எப்போதும் ஒரே ஓட்டத்தைத்தான் கொடுக்கும் என்று நம்புகிறார். 1 அம்பியர் என்று எழுதுகிறவர் 'சமாந்தரம் என்றால் ஒன்று மற்றதைப் பாதிக்காது' என்று பாடமாக்கியவர். 1.5 என்று எழுதினால் அகத்தடை மறந்துபோயிருக்கிறது.

சோடி வினாவின் பலன் இங்கேதான். சிலர் 1.2 என்று சரியாகக் கணக்கிட்டுவிட்டு, எண் இல்லாத வினாவில் 'பிரகாசம் மாறாது' என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் சமன்பாட்டில் எண்ணைப் போடத் தெரிந்தவர்கள், சுற்றில் என்ன நடக்கிறது என்று தெரியாதவர்கள். வேறு சிலர் 'கூடும், ஏனென்றால் முடிவிட அழுத்த வேறுபாடு கூடுகிறது' என்று அழகாக எழுதிவிட்டுக் கணக்கில் கோட்டை விட்டிருப்பார்கள். சாதாரண வினாத்தாளில் இந்த இருவரும் ஒரே புள்ளியோடு ஒரே வரியில் நிற்பார்கள்.

ஊரில் இருக்கிற பௌதிகவியல்

வினாவின் நிலைமை பிள்ளைக்குத் தெரிந்ததாக இருந்தால் வாசித்து விளங்குவதில் போகும் நேரம் மிச்சம். நமக்கு இதற்குப் பஞ்சமே இல்லை.

குருமண்வெளித் துறையில் பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் தட்டையான படகில்) ஏறி மண்டூருக்குப் போன பிள்ளைக்கு மிதத்தல் பற்றிக் கேட்க அதைவிட என்ன வேண்டும்? பாதையின் தட்டையான அடிப்பரப்பு 40 சதுர மீற்றர் என்று வினாவுக்காக எடுப்போம். ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏறியதும் அது இன்னும் 5 சென்ரிமீற்றர் தாழ்கிறது. நீரின் அடர்த்தி 1000 என்றால் ஏறிய மொத்தத் திணிவு 40 × 0.05 × 1000 = 2000 கிலோகிராம். கணிப்பு இதோடு முடிந்தது. எண்ணக்கரு வினா இப்படி: கோடையில் வாவி நீரின் உப்புத்தன்மை கூடுகிறது. அதே சுமையோடு போகும் பாதைமீதான மேலுதைப்பு கூடுமா, குறையுமா, மாறாதா? வகுப்பில் பெரும்பாலானோர் 'கூடும்' என்பார்கள். மிதக்கும் பொருளின் மேலுதைப்பு அதன் நிறைக்குச் சமம். நிறை மாறவில்லை, ஆகவே மேலுதைப்பும் மாறாது. தாழ்கிற ஆழம்தான் குறையும். மேலுதைப்புச் சமன்பாட்டில் அடர்த்தி இருப்பதைப் பார்த்ததும் அவசரப்பட்டவர்களை இந்த வினா பிடித்துவிடும்.

வெப்பத்தில் சாரீரப்பதனுக்குக் கச்சானை, அதாவது கோடையில் வீசும் வறண்ட மேல்காற்றை எடுங்கள். கச்சான் நாளில் வெப்பநிலை 34 பாகை, பனிபடுநிலை 22 பாகை. மாரி நாளில் வெப்பநிலை 26 பாகை, பனிபடுநிலை 24 பாகை. நிரம்பலாவியமுக்கம் 22, 24, 26, 34 பாகைகளில் முறையே 20, 22, 25, 40 மில்லிமீற்றர் இரசம் என்று கொடுங்கள். கச்சான் நாளின் சாரீரப்பதன் 20/40, அதாவது 50 வீதம். மாரி நாளுக்கு 22/25, அதாவது 88 வீதம். இரண்டு நாளிலும் வளியில் உள்ள நீராவியின் அமுக்கம் 20, 22 என்று கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியானால் கச்சானில் மட்டும் துணி ஏன் மளமளவென்று காய்கிறது, உதடு ஏன் வெடிக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். சாரீரப்பதன் என்பது நீராவியின் அளவு இல்லை, அந்த வெப்பநிலையில் வளி தாங்கக்கூடியதில் எத்தனை பங்கு என்பது. இது விளங்கியதா என்று அந்த இரண்டு வரி விடையில் தெரிந்துவிடும்.

தொப்ளர் விளைவுக்கு மட்டக்களப்புப் புகையிரதம் இருக்கிறது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்பவரை நோக்கிச் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் வரும் புகையிரதம் 640 ஹேர்ட்ஸில் ஊதுகிறது. ஒலியின் வேகம் 340. கேட்கும் மீடிறன் 640 × 340/320 = 680. அதன்பின் கேளுங்கள்: மாறா வேகத்தில் நெருங்க நெருங்க இந்த மீடிறன் கூடிக்கொண்டே போகுமா? நேராக வரும்வரை 680தான். கூடுவது உரப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத பிள்ளை வகுப்பில் குறைவு.

கணிப்பான் இல்லாத கை

கைபேசியில் தட்டிப் பழகிய பிள்ளைகள் பரீட்சை மண்டபத்தில் 0.00034ஐ 0.017ஆல் பிரிக்க முடியாமல் நிற்கிறார்கள். இது பௌதிகவியல் குறை இல்லை, ஆனால் புள்ளி பௌதிகவியலில்தான் போகிறது. நீங்கள் எழுதும் வினாக்களில் எண்கள் கையால் செய்யக்கூடியவையாக இருக்கட்டும். ஒலியின் வேகம் 340 என்றால் மீடிறனை 850 என்று கொடுங்கள், அலைநீளம் 0.4 மீற்றர் என்று சுத்தமாக வரும். எண்ணக்கருவைச் சோதிக்கிற வினாவில் எண்ணால் இடறச் செய்யாதீர்கள்.

கணிப்பைத் தனியாகச் சோதியுங்கள். வகுப்பு தொடங்கும்போது ஐந்து நிமிடம், பௌதிகவியலே இல்லாத ஐந்து கணக்கு: பத்தின் வலுக்கள், சதுர சென்ரிமீற்றரைச் சதுர மீற்றராக்குவது, வர்க்கமூலத்தின் அண்ணளவு. சதுர மீற்றரில் பிழைவிடுகிறவர்கள்தான் பிறகு யங்கின் மட்டில் நூறு மடங்கு பிழையான விடையோடு வருவார்கள். இந்த ஐந்து நிமிடத்தை வாராவாரம் விடாமல் செய்தால் பலன் வெகு சீக்கிரம் தெரியும்.

அமைப்புக் கட்டுரையும் ஆய்வுகூடமும்

இரண்டாம் பத்திரத்தின் முதற்பகுதி பெரும்பாலும் பரிசோதனைகளைச் சுற்றியே வருகிறது. கருவியைத் தொடாத பிள்ளை அதை மனப்பாடத்தில் சமாளிக்க முடியாது. எல்லாப் பாடசாலையிலும் ஆய்வுகூடம் ஒரே மாதிரி இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் சில பரிசோதனைகளுக்குக் கூடமே தேவையில்லை. மீன்பிடி வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு, நூல், மீற்றர்க் கோல், கைபேசியின் நிறுத்தற்கடிகாரம் இருந்தால் எளிய ஊசல் தயார். செய்ய வைத்துவிட்டு, அடுத்த நாள் இப்படிக் கேளுங்கள்.

அலைவுகாலம் கிட்டத்தட்ட 1 செக்கன் உள்ள ஊசலில், ஓர் அலைவை மட்டும் அளந்தால் என்ன குறை? கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 செக்கன் வழு வரும் என்று எடுத்தால், ஓர் அலைவுக்கு அது 20 வீதம். 20 அலைவுகளை அளந்தால் 1 வீதம். இதை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு 'ஏன் பல அலைவுகளை அளக்கிறோம்' என்பது கையாலேயே விளங்கியிருக்கிறது.

அப்புறம் வரைபு. அலைவுகாலத்தின் வர்க்கத்தை நிலைக்குத்து அச்சிலும் நீளத்தைக் கிடை அச்சிலும் குறித்தால், பையின் வர்க்கத்தையும் ஈர்ப்பு ஆர்முடுகலையும் 10 என்று எடுக்கும்போது படித்திறன் 4 வரும். அதன் அலகைக் கேட்க மறக்க வேண்டாம், செக்கன் வர்க்கத்தை மீற்றரால் பிரித்தது. இதோடு நிற்காமல் ஒரு படி மேலே போங்கள்: ஒரு மாணவர் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் அதன் மேல்விளிம்பு வரை மட்டும் அளந்துவிட்டார். எல்லா அளவீட்டிலும் அதே பிழை. அவருடைய வரைபு எப்படி இருக்கும்? ஈர்ப்பு ஆர்முடுகலின் பெறுமானம் பிழைக்குமா? கோடு உற்பத்தியினூடாக (இரண்டு அச்சுகளும் வெட்டும் பூச்சியப் புள்ளியினூடாக) போகாது, நிலைக்குத்து அச்சில் நேர் வெட்டுத்துண்டு ஒன்று வரும். படித்திறன் மாறாது, ஆகவே ஈர்ப்பு ஆர்முடுகல் சரியாகவே கிடைக்கும். 'விடையும் பிழைக்கும்' என்று எழுதுகிறவர்களுக்கு நாம் ஏன் வரைபு வரைகிறோம் என்பதே இன்னும் விளங்கவில்லை. அவர்களை மறுபடி நூலையும் குண்டையும் எடுக்க வையுங்கள்.

வினா எழுதும்போது சொற்களில் கவனம். இந்தியக் காணொளி பார்த்துப் படிக்கிறவர்கள் நிறைய. அங்கே 'நிறை' என்றால் நம் திணிவு. நம் தாளில் நிறை என்பது விசை. ஆகவே தாளில் திணைக்களம் பயன்படுத்தும் சொற்களே இருக்கட்டும், எண்ணுக்குப் பக்கத்தில் கிலோகிராமா நியூட்டனா என்று அலகையும் போட்டுவிடுங்கள்.

நாளும் நேரமும்

முழுப் பத்திரம் வைப்பதென்றால் சனிக்கிழமை காலை நல்லது. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆத் தொழுகை, காத்தான்குடி, ஏறாவூர்ப் பிள்ளைகள் வரும் வகுப்பில் அந்த நேரத்தைத் தொடவே கூடாது. ஞாயிறு காலை தேவாலயமும் அறநெறி வகுப்பும் இருக்கிறது. படுவான்கரையில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளுக்கு மாலை இருட்டும் முன் வீடு போய்ச் சேர வேண்டும். பஸ் குறைவு, யானைப் பயமும் இருக்கிறது. மூன்று மணித்தியாலத் தாளைப் பின்னேரம் தொடங்கினால் அந்தப் பிள்ளையின் மனம் கடைசி இரண்டு வினாவில் இருக்காது, பஸ்ஸில் இருக்கும். அந்தப் புள்ளியை வைத்து நீங்கள் எதையும் முடிவு செய்ய முடியாது.

பார்த்தெழுதுவதைத் தடுக்க, எண்களை மட்டும் மாற்றி இரண்டு விதத் தாள் அடியுங்கள். போதும்.

திருத்துவது

புள்ளித்திட்டத்தை வினா எழுதும்போதே எழுதி முடியுங்கள். திருத்தும் மேசையில் யோசித்தால் களைப்புக்கு ஏற்ப புள்ளி மாறும். வாளிக் கணக்கையே கட்டுரையாகக் கேட்டால் 5 புள்ளியை இப்படிப் பிரிக்கலாம்: விசைப்படத்துக்கு 1, ஆர்முடுகலின் திசையைக் குறித்ததற்கு 1, சமன்பாட்டுக்கு 1, பிரதியிடலுக்கு 1, அலகோடு விடைக்கு 1. முதற்பகுதியில் விட்ட எண் பிழையோடு அடுத்த பகுதியைச் சரியான முறையில் செய்திருந்தால், அடுத்த பகுதிக்குரிய முறைப் புள்ளியைக் கொடுங்கள். ஒரு பிழைக்கு ஒரு முறை தண்டித்தால் போதும்.

பிழையான ஒவ்வோர் இடத்திலும் வெறும் கீறல் போடாமல், ஓரத்தில் ஓர் எழுத்தைப் போடுங்கள். எண்ணக்கரு பிழைத்தால் 'எ', கணிப்பு பிழைத்தால் 'க', அலகு விட்டால் 'அ', வினாவை வாசித்ததில் பிழைத்தால் 'வா'. இது நேரத்தைக் கூட்டாது. திருத்தி முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை 'எ', எத்தனை 'க' என்று எண்ணி, புள்ளிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். 38 எடுத்த இரண்டு பேரில் ஒருவருக்கு 'க' ஒன்பதும் 'எ' இரண்டும் இருக்கலாம், மற்றவருக்கு நேர்மாறாக இருக்கலாம். முதலாமவரைப் பார்த்து 'உனக்குப் பௌதிகவியல் ஓடாது' என்று யாராவது சொன்னால் அது பெரிய அநியாயம். அவருக்குத் தேவை அந்த ஐந்து நிமிடக் கணிப்புப் பயிற்சிதான்.

புள்ளிகளை வகுப்பில் சத்தமாக வாசிக்க வேண்டாம், சுவரில் ஒட்டவும் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. 'எ' விழுந்த இடத்தைப் பற்றிப் பிள்ளை வாய் திறந்து பேச வேண்டும், வெட்கப்பட்ட பிள்ளை பேசாது.

தாளையும் திருத்துங்கள்

பிள்ளைகளைத் திருத்தியபின் உங்கள் வினாக்களையும் ஒருமுறை திருத்த வேண்டும். ஐந்து தெரிவுள்ள பல்தேர்வில் கண்ணை மூடிக்கொண்டு புள்ளடி போட்டாலே ஐந்தில் ஒருவருக்குச் சரியாகும், 50 வினாவில் 10 வரை கிடைத்துவிடும். ஆகவே வகுப்பில் ஐந்தில் ஒரு பங்கினர் ஒரு வினாவைச் சரியாகச் செய்திருந்தால், அந்த விடயம் அநேகமாக யாருக்கும் தெரியவில்லை என்றுதான் எடுக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கைவிடவும் குறைந்தால் இன்னும் சுவாரசியம்: அங்கே ஏதோ ஒரு பிழையான விளக்கம் எல்லோரையும் ஒரு பக்கமாக இழுக்கிறது. எந்தத் தெரிவில் குவிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

வகுப்பின் கெட்டிக்காரர்கள் பிழைவிட்டு, மற்றவர்கள் சரியாகச் செய்த வினா ஒன்று இருந்தால் முதலில் உங்கள் வினாவைச் சந்தேகியுங்கள். வசனம் இரண்டு பொருள் தருகிறதா, 'மாறா வேகத்தில்' என்பது போன்ற ஒரு நிபந்தனை விடுபட்டுவிட்டதா என்று பார்த்து, பிழை உங்களுடையது என்றால் அந்த வினாவை நீக்கி எல்லோருக்கும் புள்ளியைச் சரிசெய்யுங்கள்.

இரண்டு கிழமை கழித்து

தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் எல்லா வினாவையும் கரும்பலகையில் செய்துகாட்ட வேண்டாம். 'எ' அதிகம் விழுந்த இரண்டு வினாவை மட்டும் எடுங்கள். விடையைச் சொல்ல முன் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக இருத்தி, ஒருவர் மற்றவரைத் தன் விடை சரி என்று நம்பவைக்கச் சொல்லுங்கள். சரியான காரணம் வகுப்பின் பாதிப்பேரிடம் ஏற்கெனவே இருக்கும்.

இரண்டு கிழமை போனதும் அதே வினாவின் சோடியை வையுங்கள். இந்த முறை வாளி கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, இறங்கும்போதே செக்கனுக்குச் செக்கன் 2 மீற்றர் வீதம் அமர்முடுகுகிறது. இப்போது ஆர்முடுகல் மேல்நோக்கியது, இழைவிசை 120 + 24 = 144 நியூட்டன். போன முறை பிழையாக இருந்த அதே எண் இந்த முறை சரி. 96 என்பதைப் பாடமாக்கி வைத்திருந்தவர்கள் இதில் தெரியவருவார்கள், விளங்கிக்கொண்டவர்களும் தெரியவருவார்கள். இதிலும் பிழைவிட்டவர்களுக்கு மூன்றாவது தாள் கொடுத்துப் பயனில்லை. ஆய்வுகூடத்து வில்தராசில் ஒரு கல்லைக் கொளுவி அவர்கள் கையில் கொடுங்கள். மேலே தூக்கிக்கொண்டு போய்ச் சட்டென்று வேகத்தைக் குறைக்கும்போதும், கீழே இறக்கிக்கொண்டு வந்து குறைக்கும்போதும் முள் எந்தப் பக்கம் போகிறது என்று அவர்களே வாசித்துக் கொப்பியில் எழுதட்டும்.